முகாமில் பெயர் கூப்பிடுகிறவன்

பெயர் கூப்பிடுவதெல்லாம் ஒரு வேலையா என்று நினைப்பவர்கள், நானூற்றுப் பன்னிரண்டு பேரை வெயிலில் நிற்க வைத்து ஒரு முறை கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். பள்ளிக்கூட வாத்தியாருக்கும், சுற்றுலா பஸ்ஸில் ஆள் எண்ணுகிறவருக்கும், கம்பெனி லைன் சூப்பர்வைசருக்கும் என் கஷ்டம் புரியும். எண்ணி முடித்த பிறகு ஒன்று குறைந்தால் மறுபடி முதலிலிருந்து எண்ணும் பாடு என்னவென்று அவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் முகாம். சண்டைக்குப் பயந்து இலங்கையிலிருந்து படகில் வந்தவர்களும், அவர்களுக்கு இங்கே பிறந்த பிள்ளைகளும் இருக்கிறோம். மாதத்தில் ஒரு நாள் வருவாய் ஆய்வாளர் வருவார். அவரை ஆர்.ஐ. சார் என்போம், அந்த நாளைச் செக்கிங் என்போம். பதிவேட்டைப் பார்த்து நான் கூப்பிட வேண்டும். பெயருக்கு உரியவர் முன்னால் வந்து, அடையாள அட்டையைக் காட்டி, ‘இருக்கிறேன்’ என்று சொல்ல வேண்டும். சார் டிக் அடிப்பார். தொடர்ந்து மூன்று செக்கிங்குக்கு வராதவர் பெயரை அடித்துவிடலாம் என்பது விதி. பெயர் போனால் அந்த ஆளுக்கு இங்கே வீடும் இல்லை, அட்டையும் இல்லை. பிறகு திரும்பி வந்தாலும் சேர்ப்பது லேசான காரியம் இல்லை.

ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு இந்த வேலை வந்ததற்குக் காரணம் என் கையெழுத்து. ஆளை முகம் பார்த்துப் பேச எனக்கு வராது. காகிதத்தைப் பார்த்துக் கூப்பிட வரும்.

ஐந்து சாந்திகள்

எங்கள் முகாமில் சாந்தி என்ற பெயரில் ஐந்து பேர் உண்டு. வெறும் சாந்தி என்று கூப்பிட்டால் ஐந்து பேரும் சேர்ந்து வருவார்கள். இல்லாவிட்டால் மற்றவள் போகட்டும் என்று ஐந்து பேரும் நின்றுவிடுவார்கள். அதனால் இலங்கையில் உள்ள சொந்த ஊரைச் சேர்த்துக் கூப்பிடுவேன். பேசாலை சாந்தி, முருங்கன் சாந்தி, மூதூர் சாந்தி என்று போகும். இதில் மூதூர் சாந்திக்கு வயது பத்தொன்பது. பிறந்தது காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை. மூதூரில் கடல் இருக்கிறது என்று அவளுக்கு நான்தான் சொன்னேன். செம்பரம்பாக்கம் ஏரி அளவுக்கு இருக்குமா மாமா என்று கேட்டாள்.

இப்போதிருக்கும் ஆர்.ஐ. சார் இளவயதுக்காரர், மரியாதை தெரிந்தவர். புதிதாக வந்த அன்று நான் கூப்பிட்ட ஊர்ப் பெயர்களை எல்லாம் தன் டைரியில் வரிசையாக எழுதிக்கொண்டார். வேலை முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டார்: “ஐயா, தப்பா நெனைக்காதீங்க. இந்த ஊருங்க எல்லாம் நம்ம தாலுக்காவுல எந்தப் பக்கம் வருது?”

வேன் நிற்கிறது

செக்கிங் நாளில் கம்பெனி வேலைக்குப் போகும் பிள்ளைகள் யூனிஃபார்மோடு வரிசையில் நிற்பார்கள். வெளியே வேன் இன்ஜினை நிறுத்தாமல் உறுமிக்கொண்டிருக்கும். டிரைவர் ஏழுமலை பக்கத்துக் கிராமத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர். ஒருநாள் பொறுக்க முடியாமல் உள்ளேயே வந்துவிட்டார். “பெருசு, ஒம்போது மணிக்கு லைன்ல நிக்கலன்னா ஆப்செண்ட் போட்ருவான். என் பசங்கள மொதல்ல கூப்ட்டு வுடேன்!” வீட்டு எண் வரிசைப்படிதான் கூப்பிடுவேன், வரிசை கலைந்தால் எனக்குக் கணக்கு நிற்காது என்றேன். காகிதத்தைப் பார்த்துத்தான் சொன்னேன்.

ஆர்.ஐ. சார் சிரித்துக்கொண்டே, “கூப்பிட்டு அனுப்பிடுங்கய்யா” என்றார். பதினான்கு பேரை வரிசை மாற்றிக் கூப்பிட்டேன். அவர்களில் ஒருவன் முப்பத்தேழாம் வீட்டு ஜெகன். தாய் பாக்கியம், தங்கை நிரோஷா, இவன் என்று மூன்று பேர் அந்த வீட்டில். இருங்காட்டுக்கோட்டையில் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்ட் வேலை. பெயரை நான் பாதி சொல்வதற்குள் “இருக்கிறன்!” என்று கத்திவிட்டு ஓடுகிறவன். அன்றும் அப்படித்தான் ஓடினான். நான் சரிபார்ப்பதற்காக இரண்டு முறை திருப்பி எண்ணிக்கொண்டிருக்க, ஏழுமலை கதவைச் சாத்திக்கொண்டே சொன்னார்: “அங்க கார்டு தட்னாத்தான் ஆளு. இங்க நீ கூப்ட்டாத்தான் ஆளு. நடுவுல என் வண்டில வர்றப்ப இவனுங்கல்லாம் யாருன்னே தெர்ல, பெருசு!”

அருளப்பு அண்ணர்

எண்பதைத் தாண்டிய அருளப்பு அண்ணருக்குக் காது மந்தம். பெயரைச் சொன்னால் கேட்காது; என் வாய் அசைவதைப் பார்த்து எழும்பி வருவார். ஒரு செக்கிங்கில் அட்டையை மேசையில் வைத்து “இருக்கிறன்” என்றார். டிக் அடித்தாகிவிட்டது, போகலாம் என்று கையால் காட்டினேன். அவர் நகரவில்லை. ஆர்.ஐ. சாரைச் சுட்டிக்காட்டி என்னிடம் சொன்னார்: “இருக்கிறன் எண்டு மாசாமாசம் சொல்லிப்போட்டன். இன்னும் எவ்வளவு காலத்துக்கு எண்டு அவரை ஒருக்காக் கேட்டுச் சொல்லு.”

சிவப்பு வட்டம்

கான்ட்ராக்ட் வேலை என்றால் எட்டு மாதம் வேலை, பிறகு வீடு, பிறகு மறுபடி முதலிலிருந்து. மூன்றாவது தடவை வீட்டுக்கு அனுப்பப்பட்டபோது ஜெகன், கேரளாவில் பெயின்ட் வேலை இருக்கிறது என்று தாயிடம் சொல்லிவிட்டுப் போனான். ஒரே ஒரு முறை போன் வந்தது. பின்னால் கடல் இரைச்சல் கேட்டதாம். இரண்டு வாரத்துக்குப் போன் எடுக்க முடியாது அம்மா, பயப்படாதை என்றானாம். ஏதோ ஒரு தூரதேசத்துக்குப் படகு ஏறியிருக்கிறான் என்று மற்றப் பிள்ளைகள் சொன்னார்கள். படகு சேர்ந்தது என்றும் செய்தி இல்லை. மூழ்கியது என்றும் செய்தி இல்லை.

அடுத்த செக்கிங்கில் நான் ஜெகன் பெயரைக் கூப்பிட்டதும் பாக்கியம், “இருக்கிறான்” என்றாள். ஒருவருக்காக இன்னொருவர் சொல்லக் கூடாது என்றேன். அவள் ஒதுங்கி நின்றாள். மூன்றாவது மாதமும் அவன் வராதபோது, ஆர்.ஐ. சார் பெயரை அடிக்காமல் அதைச் சுற்றிச் சிவப்பு மையால் ஒரு வட்டம் போட்டார். விசாரணையில் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். அவரால் செய்ய முடிந்த தயவு அது. வட்டம் இரண்டு வருடம் அப்படியே நின்றது. ஒவ்வொரு மாதமும் அவன் பெயரைக் கூப்பிடுவேன், மனதுக்குள் மூன்று எண்ணுவேன், அடுத்த பெயருக்குப் போவேன்.

ஒரு மாதம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. நூற்றைம்பது பேருக்கு மேல் மிச்சம். வரப்போவதில்லையே என்று ஜெகனைக் கூப்பிடாமல் தாண்டிவிட்டேன். எல்லோரும் கலைந்து போகும் வரை பாக்கியம் மழையில் காத்து நின்றாள். பிறகு கிட்ட வந்து சொன்னாள்: “கூப்பிடுங்கோ அண்ணை. வீட்டிலை அவன்ரை பேரை எடுத்தா அழுகைதான் வருது. நீங்களும் கூப்பிடாட்டி, அவன்ரை பேரை ஆர் சத்தமாச் சொல்லுறது?”

நிரோஷாவின் கடிதம்

நிரோஷா டிப்ளமோ முடித்தாள். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் தேர்வானாள். கான்ட்ராக்ட் இல்லை, கம்பெனியின் சொந்தச் சம்பளப் பட்டியலில். எங்கள் முகாமில் அப்படி ஒரு வேலை அதற்கு முன் ஒருவருக்கும் கிடைத்ததில்லை. முகாம் பிள்ளை என்பதால் கம்பெனி ஒரு கடிதம் கேட்டது. குடும்பத்தில் பதிவான எல்லோரும் முகாமில் இருக்கிறார்கள், யார் மீதும் விசாரணை இல்லை என்று ஆர்.ஐ. கையெழுத்துப் போட வேண்டும். மாதக் கடைசிக்குள் கொடுக்காவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

சார் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். சிவப்பு வட்டம் இருக்கும் பக்கத்தில் அவர் எப்படி அந்தக் கையெழுத்தைப் போடுவார்? “நான் என்னம்மா பண்ணட்டும்? ஒண்ணு உங்க அண்ணன் வரணும், இல்லன்னா அவர் பேர் போகணும்” என்றார். பாக்கியம் என் பக்கத்தில் நின்றாள். அவள் விரல்கள் மேசை விளிம்பைப் பிடித்திருந்ததை மட்டும் பார்த்தேன்.

நிரோஷா யோசிக்கவே இல்லை. சாரிடம் அவள் பேசியது இங்கத்திய தமிழ். “அண்ணன் பேர அடிச்சிட்டு வர்ற வேல எனக்கு வேணாம் சார்” என்றாள். பிறகு தாயின் கையை மேசையிலிருந்து எடுத்துவிட்டாள். “நீ அழுவாதம்மா. நான் கான்ட்ராக்ட்லயே இருந்துக்கறேன். அண்ணனும் அப்டித்தான இருந்தான்.”

அந்தக் கடைசி வார்த்தையில்தான் பாக்கியம் நிமிர்ந்து மகளைப் பார்த்தாள்.

மனு

இரண்டு நாள் கழித்து, மத்தியானம், முகாமில் பாதிப் பேர் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் பாக்கியம் வந்தாள். வெள்ளைத் தாள் ஒன்றும் வாங்கி வந்திருந்தாள். “பேரை எடுக்கச் சொல்லி எழுதுங்கோ அண்ணை” என்றாள். நிரோஷாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். “தெரிஞ்சா விடுவாளே? எழுதுங்கோ. இவளையும் எட்டு மாசத்துக்கொருக்கா வீட்டுக்கு அனுப்புவாங்கள். பிறகு இவளும் ஒருநாள் எங்கையெண்டாலும் வெளிக்கிட்டிடுவாள்” என்றாள்.

பெயர் நீக்கும் மனுவில் காரணம் எழுத வேண்டும். நான் இதுவரை எழுதிய மனுக்களில் மூன்று காரணங்கள்தான் உண்டு: இறந்துவிட்டார், திருமணமாகிப் போய்விட்டார், சொந்த நாட்டுக்குத் திரும்பிவிட்டார். இந்த மூன்றில் எதை எழுதினாலும் பொய். பேனாவை மூடி வைத்தேன், திறந்தேன், மறுபடி மூடினேன். கடைசியில், ‘மேற்படி ஜெகன் இரண்டு வருடங்களாக முகாமில் இல்லை’ என்று எழுதி வாசித்துக் காட்டினேன். இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, மை காய்வதற்காகத் தாளை ஊதினாள். “முகாமிலை இல்லை எண்டு போட்டிருக்கிறியள். வேறை எங்கையோ இருக்கிறான் எண்டுதானே அண்ணை அதுக்குக் கருத்து. அது நல்லது” என்றாள்.

கடிதம் கிடைத்தது. நிரோஷா வேலையில் சேர்ந்தாள். விஷயம் தெரிந்தபோது தாயோடு நான்கு நாள் பேசவில்லை. என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. அந்த ஒரு மாதத்தின் முடிவில் குழாயடியில் என்னைப் பார்த்து அவள் சொன்னது இவ்வளவுதான்: “வேற யாராவது எழுதிக் குடுத்திருந்தா சண்ட போட்டிருப்பேன். நீங்க எழுதினீங்களே மாமா!”

ஒரு வரி

பெயர் நீக்கிய குடும்பத்துக்குப் புதுப் பக்கம் எழுத வேண்டும். சிவப்பு மையும் அடித்த கோடுமாகப் பழைய பக்கம் இருக்கக் கூடாது. நான்தான் எழுதினேன். முப்பத்தேழாம் வீடு. ஒன்று, பாக்கியம், குடும்பத் தலைவி. இரண்டு, நிரோஷா, மகள். மொத்தம் இரண்டு. ஆனால் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் ஒரு வரியை வெறுமையாக விட்டிருந்தேன். பதிவேட்டில் அப்படி விடக் கூடாது. விட்டால் யாராவது பிற்பாடு ஒரு பெயரைச் செருகிவிடலாம். தவறி விட்டுப்போன வரியில் குறுக்குக்கோடு போட வேண்டும் என்று ஆர்.ஐ. சாருக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

அடுத்த செக்கிங்கில் அவர் அதைக் கண்டுபிடித்தார். “என்னங்கய்யா, நடுவுல ஒரு வரி விட்டிருக்கு?” என்றார். கை தவறிவிட்டது சார் என்றேன். அவர் கோடு போடப் பேனாவைக் கொண்டுபோனார். பாக்கியம் அட்டையோடு எதிரில் நின்றிருந்தாள். அவர் அவளைப் பார்த்தார். என்னையும் பார்த்தார் என்று நினைக்கிறேன்; நான் பதிவேட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பேனா அந்த வரியைத் தாண்டிக் கீழே போய் மொத்தம் இரண்டு என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டது. “சரி, அடுத்த புக்கு மாத்தும்போது பாத்துக்கலாம்” என்றார்.

பாக்கியம் உடனே போகவில்லை. மேசைக்கு மேல் குனிந்து தன் பெயரைக் கண்டுபிடித்தாள், மகள் பெயரைக் கண்டுபிடித்தாள். பிறகு நடுவில் இருந்த வெறும் வரியில் ஒற்றை விரலை வைத்து, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை இழுத்து அளந்தாள். என்னிடம் மட்டும் கேட்டாள்: “அண்ணை, இதிலை ஒரு ஆளின்ரை பேர் எழுத இடம் காணும்தானே?”

இத்தனை வருடங்களில் என் பதிவேட்டில் பிழை என்று சொல்லக் கூடியது அந்த ஒரு வரிதான். அதைத் திருத்த வேண்டியவன் இன்னும் வந்து சேரவில்லை.