ட்ரையல் பார்த்த சிந்தசைசர்

இருபது வருடமாக நான் தோளில் சுமந்த சிந்தசைசர், திருநீர்மலை அடிவாரத்தில் ஒரு காதுகுத்து விழாவில் வாயை மூட மறுத்துவிட்டது. ஒரு கட்டையை அழுத்தினேன். விரலை எடுத்தேன். சத்தம் போகவில்லை. ‘ஈஈஈ’ என்று நீண்டுகொண்டே இருந்தது. மாமா மடியில் உட்கார்ந்திருந்த குழந்தை காது குத்திக்கொண்டு, அழுது, சர்க்கரை தின்று, சிரிக்கவும் ஆரம்பித்துவிட்டது. என் கீபோர்டு மட்டும் இன்னும் அழுதுகொண்டிருந்தது. கடைசியில் பிளக்கைப் பிடுங்கினேன். அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே கைதட்டல் அதற்குத்தான்.

மேற்கு தாம்பரத்தில் ஒரு ரிப்பேர் கடைக்காரரிடம் கொண்டு போனேன். திறந்தார், டார்ச் அடித்துப் பார்த்தார், டாக்டர் மாதிரி மூச்சு விட்டார், மூடினார்.

“சார், இதுக்கு பார்ட்ஸே வராது. வூட்டுக்கு எட்த்துனு போய் நல்லா பாத்துக்கோங்க.”

“எத்தனை நாள் தாங்கும்?” என்று கேட்டேன். ஆறுதலாக என் தோளைத் தட்டினார்.

நான் வார நாளில் ஆபீஸ், முகூர்த்த நாளில் மேடை என்று வாழ்கிறவன். கல்யாண ரிசப்ஷன்களில் வாசிக்கும் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு. புல்லாங்குழலும் நான்தான், வயலினும் நான்தான், பின்னால் வாசிக்கிற ஐம்பது பேரும் நான்தான். குழுவை நடத்துவது எங்கள் பாடகி. என்னைவிடப் பத்து வயது சின்னவர். ஆனால் முகூர்த்தத் தேதியெல்லாம் அவர் கையில் இருப்பதால் எல்லோருக்கும் அக்கா. அவர் என்னை அண்ணா என்பார், நான் அவரை அக்கா என்பேன். உறவு முறை எங்களிடம் மாட்டிக்கொண்டு முழிக்கும்.

“அண்ணா, அடுத்த ஞாயிறு கோவிலம்பாக்கத்துல ரிசப்ஷன். உங்ககிட்ட சத்தம் இருக்குமா?”

“இருக்கும் அக்கா.”

“இல்லேன்னா இப்பவே சொல்லிடுங்க. பொத்தேரியில ஒரு பொண்ணு இருக்கு, லேப்டாப்ப வச்சே அசத்துது. ஒரு வார்த்தை கேட்டு வச்சுட்டேன்.”

‘கேட்டேன்’ என்றிருந்தால் பரவாயில்லை. அந்த ‘வச்சுட்டேன்’தான் உதைத்தது. இந்த மேடையில் என் நாற்காலியில் ஒரு தடவை வேறொருவர் உட்கார்ந்தால், அடுத்த முகூர்த்தத்துக்கு நான் சாப்பாட்டுப் பந்தியில்தான் உட்கார வேண்டும்.

சரி, நாமும் லேப்டாப்புக்கு மாறுவோம் என்று முடிவு செய்தேன். சங்கதி ரொம்ப எளிது. கையில் எடை இல்லாத ஒரு வெறும் கீபோர்டு, அதில் கட்டைகள் மட்டும்தான், சத்தம் கிடையாது. சத்தம் முழுக்க லேப்டாப்பில் போடுகிற சாஃப்ட்வேரில் இருக்கிறது. எங்கள் ரிதம் பேட் வாசிக்கிற நண்பனிடம் இதைப் பெருமையாக விளக்கினேன்.

“அதாவது, கை ஒரு எட்த்துல, வாய் ஒரு எட்த்துல. உனுக்கு எப்பவும் அப்டித்தானே மச்சான்?” என்றான்.

எந்த சாஃப்ட்வேர்? அங்கேதான் நான் தொலைந்தேன். இணையத்தைத் திறந்தால் ஒன்றா இரண்டா! ஒவ்வொன்றுக்கும் ஆயிரக்கணக்கில் ஓசைகள். அதைவிட ஆபத்து, எல்லாவற்றுக்கும் ட்ரையல் வெர்ஷன் உண்டு. காசு கொடுக்கும் முன் கட்டிப் பார்க்கலாம். நான் எல்லாவற்றையும் இறக்கினேன்.

இந்த இடத்தில் என் மனைவியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவள் சேலை எடுக்கப் போகும்போதெல்லாம் நான் கடையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, அவர்கள் கொடுக்கிற குளிர்பானத்தைக் குடித்துக்கொண்டு, “இன்னும் பத்து பிரிச்சா கடைல தரையே தெரியாது” என்று விமர்சனம் செய்கிறவன். கல்யாணமான நாளிலிருந்து இது என் திருப்பணி. அன்று அவள் ஒரு ஸ்டூலை இழுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கையில் எலுமிச்சை ஜூஸ்.

“ம். பிரிங்க” என்றாள்.

பிரித்தேன். முதலாவதில் வயலின் பிரமாதம், ஆனால் கோட்டு சூட்டு போட்ட வயலின். நம்மூர் வளைவு நெளிவுக்கு உடம்பு வளையவில்லை. இரண்டாவதைத் திறந்தால் திரை முழுக்கத் திருகுகள், விமானத்தில் பைலட் சீட்டில் தவறி உட்கார்ந்த மாதிரி இருந்தது. மூன்றாவது தேன், ஆனால் அதைத் தாங்காமல் லேப்டாப்பின் விசிறி புறப்பட்ட சத்தத்தில் தேனே கேட்கவில்லை. நான்காவதில் புல்லாங்குழல் என்று போட்டிருந்தது, வந்தது ரயில். ஒன்று பிடித்தால் அதை வைத்துக்கொண்டே இன்னொன்று. இன்னொன்று வந்ததும் முதலில் பார்த்ததே தேவலை. ஒரு பாட்டு முழுக்க எதனோடும் நான் குடித்தனம் செய்யவில்லை.

“இதே கலர்ல வேற டிசைன் காட்டுவாங்களான்னு கேளுங்களேன்” என்றாள்.

“கிண்டலா?”

“கிண்டல் இல்ல. இது பாருங்க, பார்டர் நல்லா இருக்கு. உடம்பு சரியில்ல.”

சிரித்தேன். பிறகு அதே ஸ்வரத்தை மறுபடி அழுத்திக் கேட்டேன். ஆரம்பம் பளிச்சென்று இருந்தது, நீட்டினால் நூல் தெரிந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

ஞாயிறு மதியம் வரை எதையும் வாங்கவில்லை. ஒன்றை வாங்கினால் மற்றதெல்லாம் கோபித்துக்கொள்ளும் போலிருந்தது. கடைசியில், அந்த நேரம் திரையில் எது திறந்து கிடந்ததோ, அதன் ட்ரையலோடு கிளம்பிவிட்டேன். ஒரு ரிசப்ஷன்தானே, நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம்.

ஆனால் அந்தப் பயணம் இருக்கிறதே! பழைய சிந்தசைசர் என்றால் லோடு ஆட்டோ, பின்னால் அதைக் கட்டிப் பிடித்தபடி நான். இப்போது ஸ்கூட்டர், தோளில் ஒரு பை. கேம்ப் ரோடு சிக்னலில் பக்கத்து பைக்காரரிடம், “சார், இதுல ஐம்பது வயலின் இருக்கு” என்று சொல்லிவிட்டேன். அவர் சிக்னல் விழுவதற்கு முன்பே போய்விட்டார்.

மண்டபத்தில் நல்ல கூட்டம். மாப்பிள்ளை வீட்டார் கடலோரக் குப்பத்துக்காரர்கள். மீன் பிடிப்பதும் விற்பதும் தொழில். முன் வரிசை நாற்காலிகள் முழுக்கப் பட்டுச் சேலையும் மல்லிகையுமாக அவர்கள் வீட்டுப் பெண்கள், ஓரமாக வெள்ளை வேட்டியில் மாப்பிள்ளையின் பெரிய மாமா. அக்கா மெதுவான ஒரு மெலடியை ஆரம்பித்தார். நான் புல்லாங்குழலைத் திறந்தேன். வழுக்கிக்கொண்டு போனது. அக்கா திரும்பி ஒரு பார்வை பார்த்தார், பொத்தேரி ரத்து என்று அதற்கு அர்த்தம். நான் பூரித்து, கண்ணை மூடி, தலையை ஆட்டினேன்.

ஷ்ஷ்ஷ்ஷ்.

புல்லாங்குழல் இல்லை. வெறும் இரைச்சல். ஒரு மூச்சு நேரம் பொங்கி, அடங்கி, மறுபடி புல்லாங்குழல்.

மேடைக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எது தப்பானாலும் உடனே மைக் செட்காரரை முறைக்க வேண்டும். முறைத்தேன். அவர் பழக்கமானவர், என்னைத் திருப்பி முறைத்தார். பேட் நண்பன் தாளத்தை விடாமல் குனிந்தான்.

“மச்சான், இன்னாடா அது? வூட்லேந்து குக்கர் எட்த்துனு வந்துகீறியா?”

அப்போதுதான் திரையின் மூலையில் இருந்த பொடி எழுத்தைப் படித்தேன். ட்ரையலில் அவ்வப்போது இரைச்சல் வருமாம். காசு கொடுத்தால் நிற்குமாம். வீட்டில் எதனோடும் ஒரு பாட்டு நேரம் தங்காதவனுக்கு இது எப்படித் தெரியும்? என் சட்டைக்குள் வேர்வை தனிக் கச்சேரி ஆரம்பித்தது. வேறொன்றைத் திறக்கலாம் என்றால் அதில் என்ன பொறி இருக்கிறதோ. அவற்றில் ஒன்று ரயில் என்பது மட்டும் தெரியும்.

ஷ்ஷ்ஷ்ஷ்.

இந்தத் தடவை அக்கா மூச்சு வாங்குகிற இடத்தில் விழுந்தது. அவர் திரும்பிப் பார்த்த பார்வையில் பொத்தேரிப் பெண் பஸ் ஏறிவிட்டாள். நான் லேப்டாப்பை மூடிவிட்டு ஸ்கூட்டரை நோக்கி ஓட எந்தப் பக்கம் படி என்று தேடிக்கொண்டிருந்தபோது, பெரிய மாமா நாற்காலியிலிருந்து எழுந்தார். விரலை வாயில் வைத்து ஒரு விசில்.

“அலை வுடுறாம்பா! நம்ம அலை! இன்னொரு தபா வுடு!”

அவ்வளவுதான். முன் வரிசை எழுந்தது. பட்டுச் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பெண்கள் துடுப்பு போடுகிற மாதிரி ஆட ஆரம்பித்தார்கள். அன்பளிப்பு கொடுக்க வரிசையில் நின்றவர்கள் கவரோடு ஆடினார்கள். அக்கா அந்த நொடியில் மெலடியைக் குத்துப் பாட்டாக்கி, எதுவுமே நடக்காத முகத்தோடு மைக்கில் சொன்னார்: “மாப்பிள்ளை வீட்டுக்காக ஸ்பெஷலா ரெடி பண்ணது! இப்ப பாருங்க, அடுத்த அலை வருது!”

வரவில்லை.

எல்லோரும் கையைத் தூக்கிக்கொண்டு காத்திருக்கிறார்கள். லேப்டாப் சமர்த்தாகப் புல்லாங்குழல் வாசிக்கிறது. இத்தனை நேரம் வராதே வராதே என்று வேண்டியவன், இப்போது வா வா என்று வேண்டுகிறேன். “அலை! அலை!” என்று மண்டபம் கத்துகிறது. “அண்ணா, அலை!” என்று அக்கா பல்லைக் கடிக்கிறார். அது என் கையிலா இருக்கிறது?

கோரஸ் மைக்கை இழுத்து, வாயருகில் வைத்து, ஐம்பது வயலினுக்குச் சொந்தக்காரன் தன் சொந்த வாயால், “ஷ்ஷ்ஷ்ஷ்” என்று ஊதினேன். பாதி ஊதும்போதே லேப்டாப்பும் ஊதியது. இரண்டு அலை ஒன்றாக எழும்பியதில் மைக் செட்காரரே விசிலடித்தார். பெரிய மாமா மேடையேறி என்னைக் கட்டிப்பிடித்து, கழுத்தில் மாப்பிள்ளை கழற்றி வைத்திருந்த மாலையைப் போட்டார்.

பந்தியில் அக்கா என் எதிரே உட்கார்ந்தார்.

“பொத்தேரிப் பொண்ணுகிட்ட வேணாம்னு சொல்லிட்டேண்ணா. அடுத்த மாசம் மாப்பிள்ளை வீட்டுத் தெருவுலயே இன்னொரு கல்யாணமாம். அலைக்காரர் கண்டிப்பா வரணும்னு சொல்றாங்க.”

“அக்கா, அது ட்ரையல். வாங்கிட்டா அலை வராது.”

அக்கா அப்பளத்தை நொறுக்கினார். “அப்ப வாங்காதீங்க.”

வாங்கிவிட்டேன். அன்று மாலையின் பதைப்பை இன்னொரு தடவை என் இதயம் தாங்காது. வாங்கியதும் அது சொன்ன சொல் காப்பாற்றியது, எவ்வளவு வாசித்தாலும் ஒரு இரைச்சல் இல்லை. எனவே இப்போது ஆபீஸ் விட்டு வந்ததும் உட்கார்ந்து, காசு கொடுத்து நிறுத்திய இரைச்சலை நானே திரும்பச் செய்துகொண்டிருக்கிறேன். இதன் திருகுகளுக்கு நடுவே, ரேடியோவில் ஸ்டேஷன் கிடைக்காதபோது வருமே, அந்த மாதிரி ஓர் இரைச்சல் இருக்கிறது. அதை மெதுவாகத் திறந்து மெதுவாக மூடினால் அலை. பழைய சிந்தசைசரிலும் அது இருந்தது, இருபது வருடத்தில் ஒரு தடவைகூட நான் தொட்டதில்லை. இப்போது அதன் மேல் துவைத்த துணி மடித்து வைக்கிறோம்.

நேற்று மனைவி ஸ்டூலோடு வந்தாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். நான் திருகைத் திறந்தேன், அலை பொங்கியது. மூடினேன், கரையில் போய் மெல்ல உட்கார்ந்தது.

“பார்டர் நல்லா இருக்கு” என்றாள்.

“உடம்பு?” என்றேன்.

“உடம்பும் பரவாயில்ல. எதுக்கும் இதே கலர்ல இன்னொண்ணு காட்டுங்க.”