ஐந்து மாமியார்களும் ஒரு வரியும்

அடுப்பில் வேர்க்கடலைக் குழம்பு கொதிக்கிறது. ககோயா அதை மறந்துவிட்டு அலமாரியைப் பார்த்து, "என்ன தாயே, உனக்கு மட்டும் தொண்டையில இறங்கலையா?" என்று கேட்கிறாள். அலமாரியில் மேலுறை இல்லாத ஐந்து கணினிப் பலகைகள்; ஐந்திலும் ஐந்து வகைச் செயலி. எழுதிய நிரல் வரியை ஐந்திலும் ஓட்டிப் பார்க்காமல் வெளியே விடமாட்டாள். "அஞ்சு மாமியாருக்கு ஒரே குழம்பு. நாலு பேரு பேசாம சாப்பிடுவாங்க. ஒருத்தி தட்டைத் தள்ளுவா. அவ பக்கம்தான் நியாயம் இருக்கும்."

ஜிஞ்சா ஊரில் அவள் தெருக்காரர்களுக்கு அவள் 'ரிப்பேர்காரம்மா'. ரேடியோவைக்கூடத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பாவம், அதையும் சரிசெய்து கொடுப்பாள். உண்மையில் அவள் திருத்துவது கணினியின் அடிமடி: மற்ற நிரல்களையெல்லாம் தாங்கும், உலகம் முழுக்கப் பலர் சேர்ந்து எழுதும் கெர்னல். அதிலும், எந்த நிரலுக்கு எவ்வளவு நினைவகம் என்று பங்கு போடும் பகுதி. பங்கு, பக்கம் பக்கமாகத்தான். சில செயலிகளில் ஒரு பக்கம் நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு பைட்; சிலவற்றில் அதுபோல் பதினாறு மடங்கு. அந்த எண்ணை அப்படியே எழுதிவைக்கும் ஆசாமிகளுக்கு அவள் அனுப்பும் மின்னஞ்சலில் மிளகாய் நெடி அடிக்கும். "சந்தையில யாரு டப்பான்னு பாக்காம கடலை அளப்பியா?"

போன மாதம் பக்கத்து ஊர்ப் பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் கூப்பிட்டாள். புதிதாக வந்த மலிவுக் கணினிகள் மூன்று நாளைக்கு ஒருமுறை உறைந்துபோகின்றனவாம். "எந்தத் தாய்க்கு என்ன ரத்தம்னு பாக்க முடியலம்மா."

ஒரு வாரம் தோண்டினாள். பிழை ஒரே வரியில் இருந்தது. நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு, பச்சையாக; அந்த மலிவுக் கணினிகளிலோ பக்கம் பதினாறு மடங்கு. யாருடைய கை என்று பார்த்தாள். இரண்டு வருடத்துக்கு முன், ஒரே ஒரு பலகையை வைத்துக்கொண்டு அவள் அனுப்பி, உலகம் ஏற்றுக்கொண்ட முதல் திருத்தம் அது.

நேரம் பார்த்தீர்களா? நினைவகப் பகுதியின் பொறுப்பாளர் பட்டியலில் அவள் பெயரைச் சேர்க்கலாமா என்று பெரிய கைகள் மின்னஞ்சலில் பேசிக்கொண்டிருந்த வாரம் அது. அந்த இடத்துக்கு அவள் எவ்வளவு ஏங்கினாள் என்பது அவளோடு வேலை செய்யும் கிருண்டாவுக்குத் தெரியும்.

கெர்னல்காரர்களிடம் ஒரு வழக்கம்: பிழை திருத்தினால், எந்தப் பழைய திருத்தத்தால் அது வந்தது என்று, அந்தத் திருத்தத்தின் அடையாளத்தோடு அடியில் ஒரு வரி எழுத வேண்டும்.

"அந்த வரிய மட்டும் விட்டுடு ககோயா," என்றான் கிருண்டா. "சும்மா சுத்தம் பண்ணேன்னு போடு. யாரு தோண்டப்போறா?"

"வரி இல்லேன்னா இது பழைய பதிப்புக்குப் போய்ச் சேராதுடா. ஆஸ்பத்திரில ஓடுறது பழைய பதிப்பு."

"ஒரே ஒரு வாரம் பொறு. பேரு ஏறட்டும்."

"அந்த ஒரு வாரத்துல அங்க எத்தனை பிரசவம்?"



அந்த வரியில் குறிக்க வேண்டிய அடையாளம், எண்ணும் எழுத்தும் கலந்த பன்னிரண்டு குறிகள். அடுத்தவர் திருத்தம் என்றால் தேடி எடுத்து ஒட்டுவாள். இதை எங்கும் தேடவில்லை. திரையைக்கூடப் பார்க்காமல், பன்னிரண்டையும் மளமளவென்று மனப்பாடமாக அடித்து அனுப்பினாள்.