மூக்கோரத்துப் பரு

சட்டைக் கம்பெனி வாசலில், வேலை முடிந்து போகிறவர்களின் பையைத் துழாவிப் பார்ப்பதுதான் அவர் உத்தியோகம். அங்கே எல்லோருக்கும் அவர் 'எக்ஸ்ரே'. முதலாளியின் மச்சானே வந்தாலும் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து காட்டாமல் தாண்ட முடியாது. வீட்டிலும் அதே புத்திதான்; பால்காரர் ஊற்றினால் நுரை அடங்கும் வரை நின்று பார்ப்பார். அப்பேர்ப்பட்ட மனிதர் சொந்த மூக்கைச் சந்தேகப்படாமல் விட்டதுதான் வேடிக்கை. மூக்கோரம் மஞ்சளாய் ஒரு பரு, சவரம் செய்யும்போதெல்லாம் ரத்தம் கசியும். பஞ்சை ஒட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார்.

மனைவியின் தொணதொணப்புத் தாங்காமல் ஒருவழியாகத் தோல் டாக்டரிடம் போய் அதை வெட்டியெடுத்துக்கொண்டார். டாக்டரம்மா அதைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, முடிவு வந்ததும் கூப்பிட்டார்.

"இது எண்ணெய்ச் சுரப்பியில வர்ற கட்டி. ரொம்ப அபூர்வம். இதை எடுத்தாச்சு, பயமில்ல. ஆனா சில குடும்பங்கள்ல குடல் புற்றுநோய் பரம்பரையா வரும். அங்க இது முன்கூட்டியே தலைகாட்டும். அப்பா எதுல தவறினாரு?"

"நெஞ்சுவலி."

"கூடப் பிறந்தவங்க?"

"ஒரு அக்கா."

"ரெண்டு பேருமே குடலைக் குழாய் விட்டுப் பார்த்துடுங்க."

பருவைக் காட்ட வந்தால் குடும்பத்தையே வளைத்துப் போடப் பார்க்கிறார்களே என்று எக்ஸ்ரே உள்ளுக்குள் பொருமினார். டாக்டரம்மாவைக் கையும் களவுமாகப் பிடித்துவிட வேறொரு ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டரம்மா பேச்சையே எடுக்காமல், பரிசோதனை முடிவை மட்டும் மேசையில் வைத்தார். அங்கிருந்த வழுக்கைத் தலை டாக்டர் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"உங்க அப்பா எதுல தவறினாரு?"

இரண்டு பேரும் கூட்டு என்றுதான் முதலில் தோன்றியது. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு வேறு மாதிரி தோன்றியது. நெஞ்சுவலி என்று யார் சொன்னது? அப்பா சாகும்போது அவர் வெளியூர் விடுதியில் படித்துக்கொண்டிருந்தார். சொன்னது அக்கா. ஊரையே சந்தேகப்பட்டவர், அவளை மட்டும் ஒரு நாளும் குறுக்குக் கேள்வி கேட்டதில்லை. நேரே அவள் வீட்டுக்குப் போனார்.

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பாவுக்கு என்ன வியாதி? உண்மையைச் சொல்லு."

அவள் கை நின்றது. "குடல்ல கட்டி. வெளியே தெரிஞ்சா உனக்கு எவன்டா பொண்ணு குடுப்பான்? அதான் நெஞ்சுவலின்னு சொல்லிட்டோம்."

அவருக்குக் கோபம் தலைக்கேறியது. கத்த வாயெடுத்தவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. மடித்த துணியையே உதறி மறுபடி மடித்தாள்.

"அக்கா, உனக்கு ஏதாவது...?"

"மூலம்தான்டா. கொஞ்ச மாசமா ரத்தம் போகுது. தானா சரியாகிடும்னு இருந்துட்டேன்."

கோபம் போன இடம் தெரியவில்லை. உடனே டாக்டரம்மாவைப் போனில் கூப்பிட்டார்.

"நாளைக்கே வரோம் மேடம். முதல்ல எங்க அக்காவைப் பாருங்க."