மிக்ஸி களவுபோன ஞாயிற்றுக்கிழமை

எங்கள் வீட்டிலிருந்து இதுவரை களவுபோன ஒரே பொருள் ஒரு மிக்ஸி. அதை எடுத்துப் போனவர் என் மாமன். எடுத்துப் போகச் சொன்னவர் என் அப்பா. இப்படி ஆரம்பித்தால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். நானும் பாதிக் கதை வரைக்கும் சிரித்துக்கொண்டேதான் சொல்வேன். அதற்கு மேல் பெரும்பாலும் சொல்வதில்லை.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. கோயமுத்தூரில் காளப்பட்டிக்கு அப்பால், சுற்றிலும் மதில் எழுப்பிய ஒரு வில்லாக் குடியிருப்பில் இருந்தோம். எல்லா வீடும் ஒரே நிறம், ஒரே வாசல், ஒரே மாதிரி செம்பருத்திச் செடி. குடிவந்த புதிதில் பள்ளி வேனிலிருந்து இறங்கி நேராக வேறொருவர் வீட்டுக்குள் போய் ஷூவைக் கழற்றி எறிந்திருக்கிறேன். அந்த வீட்டு அம்மாவும் பால் கொடுத்துத்தான் அனுப்பினார். அப்படி ஓர் இடம்.

அப்பா பம்ப் செட் கம்பெனி நடத்திவந்தார். குடியிருப்போர் சங்கத்துக்கும் அவர்தான் செயலாளர். பக்கத்து லேஅவுட்டில் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டில் ஆள் புகுந்து, பீரோவை உடைத்து இருந்த நகையெல்லாம் அள்ளிக்கொண்டு போனதிலிருந்து எங்கள் தெருவில் யாரும் நிம்மதியாக இல்லை. கல்யாணத்துக்குப் போனால் கூடப் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்தார்கள். அப்பா களத்தில் இறங்கினார். மதில் மேல் மின்கம்பி ஓடியது. மூலைக்கு மூலை கேமரா முளைத்தது. ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் ஒரு சிவப்புப் பொத்தான். அமுக்கினால் குடியிருப்பு முழுக்கச் சங்கு ஊதும். பழைய காவலாளிகளை மாற்றிவிட்டு, தொப்பியும் பூட்ஸும் போட்ட புது ஆட்களைக் கொண்டுவந்தார். எங்கள் வீட்டு வாசலில் ஆள் அசைந்தால் கத்தும் கருவி ஒன்றையும் மாட்டினார். அது பல்லி ஓடினாலும் கத்தியது.

"பல்லி வாரதுக்கெல்லாம் இப்படிக் கத்துச்சுன்னா, திருடன் வாரப்ப ஆருங்க எந்திரிச்சு வருவா?" என்று அம்மா கேட்டார்.

"அதெல்லாம் செட் பண்ணிரலாம்" என்றார் அப்பா. எதைச் சொன்னாலும் அப்பாவிடம் அதுதான் பதில்.

இந்த நேரத்தில் அவிநாசியில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். அங்கே அம்மாவின் தம்பி, என் மாமன், சத்தியமங்கலத்திலிருந்து வந்திருந்தார். வாழைக்காய் மண்டி வைத்திருப்பவர். ஊரில் யாருடைய ஸ்கூட்டர் காணாமல் போனாலும் முதலில் அவருக்குத்தான் போன் செய்வார்கள். ஒளித்துவைத்தவர் பெரும்பாலும் அவராகவே இருப்பார். எங்களைப் போன்ற பிள்ளைகளுக்கு அவரென்றால் உயிர். பந்தியில் அப்பா கேமராக்களைப் பற்றிப் பேசிக்கொண்டே போக, மாமன் ரசத்தை உறிஞ்சியபடி சிரித்தார்.

"மச்சான், பட்டப்பகல்ல உங்க ஊட்டுல இருந்தே ஒரு சாமானத்த எடுத்துட்டுப் போறேன். ஏன்னு ஒரு ஆளு கேட்டாப் பாருங்க."

"மாப்ள, அது நடக்காது."

"நடந்துபோட்டா?"

அப்பாவுக்கு உள்ளூர ஆசை வந்துவிட்டது. தான் கட்டிய கோட்டையை யாராவது முட்டிப் பார்த்துத் தோற்க வேண்டும் என்று அவரும் காத்திருந்தார் போல. யாரிடமும் சொல்வதில்லை என்று முடிவானது. "சொல்லிப்போட்டா அப்புறம் அது என்ன டெஸ்ட்டு?" என்றார் அப்பா. பூஜையறைக் குத்துவிளக்கை எடுப்பதாகத்தான் முதலில் பேச்சு. அம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டார். "எடுக்கறதுன்னா அந்த மிக்ஸிய எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. புதுசு கேட்டுக் கேட்டு எனக்கும் வாய் வலிக்குது." பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்கள். ரகசியம் ஒன்றைச் சுமந்துகொண்டு பள்ளிக்கூடம் போவது அந்த வாரம் முழுக்க எனக்கு மிட்டாய் மாதிரி இனித்தது.

குறித்த ஞாயிற்றுக்கிழமை கிளப் ஹவுஸில் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி. நாங்கள் மூவரும் வீட்டைப் பூட்டிவிட்டு அங்கே போய் உட்கார்ந்துகொண்டோம். மாற்றுச் சாவி மாமனிடம் இருந்தது. வாசல் கருவி கத்தினாலும் பல்லி என்றுதான் தெருவில் நினைப்பார்கள்.

அவர் எப்படி உள்ளே வந்தார் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டோம். வெள்ளைவேட்டி, வெள்ளைச்சட்டை, நெற்றியில் திருநீறு, கையில் பழமும் வெற்றிலையும் வைத்த தாம்பூலத் தட்டு. நண்பர் ஒருவரின் பெரிய காரில் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தார். "செக்ரட்டரி ஊட்டுக்குப் பத்திரிகை வெக்கோணும்" என்றிருக்கிறார். காவலாளி பூட்ஸ் காலைச் சேர்த்து சலாம் வைத்து இரண்டு கதவையும் திறந்துவிட்டார். அந்த சலாம் முடிவதற்குள், காருக்குப் பின்னால் நடந்தே இன்னொருவரும் உள்ளே வந்துவிட்டார். அவரை யாருமே பார்க்கவில்லை.

நான் மரத்துக்குப் பச்சை அடித்துக்கொண்டிருந்தபோது அப்பாவின் போன் அதிர்ந்தது. மாமன்தான். "மச்சான், செயிச்சுப்போட்டேன். கேட்டுக்கு எதுத்தாப்புல பேக்கரில உக்காந்து பப்ஸ் தின்னுட்டிருக்கேன். மிக்ஸியும் பக்கத்துலதான் உக்காந்திருக்குது." அப்பா உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தார். அந்த நேரம் பார்த்துச் சங்கு ஊதியது. எதிர்வீட்டு ஆன்ட்டி, தெரியாத ஆள் ஒருவர் துண்டில் எதையோ மூடி எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டிலிருந்து காரில் ஏறியதை மாடியிலிருந்து பார்த்து, இறங்கி வந்து எங்கள் வீட்டு மணியை அடித்துப் பார்த்துவிட்டு அப்புறம்தான் பொத்தானை அமுக்கியிருக்கிறார். கார் வெளியே போன பிறகுதான் கேட்டை இழுத்துச் சாத்தினார்கள்.

கிளப் ஹவுஸிலிருந்த ஆண்கள் எல்லோரும் ஓடினார்கள். நான் பயந்துபோய் அப்பாவைப் பிடித்துக்கொண்டேன். "நம்ம மாமன் வேலதான் கண்ணு, பயப்படாத" என்று காதோடு சொன்னார் அப்பா. நானும் அவரும் கை கோத்துக்கொண்டு மெதுவாகத்தான் நடந்தோம். எல்லோரிடமும் உண்மையை எப்படிச் சொல்லிச் சிரிக்கவைக்கலாம் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். அம்மா என் கலர் பென்சில்களைப் பொறுக்கிக்கொண்டு பின்னால் வந்தார்.

எங்கள் தெருமுனையில் கூட்டம் நின்றிருந்தது. உள்ளே புகுந்து எட்டிப் பார்த்தேன். பனைமரம் போன்ற ஓர் அழகுமரத்தில் ஒருவரைக் கட்டிப்போட்டிருந்தார்கள். கட்டியிருந்த கயிறு என் சிநேகிதியின் ஸ்கிப்பிங் கயிறு. ரோஸ் நிறக் கைப்பிடி அவர் இடுப்பருகே தொங்கிக்கொண்டிருந்தது. சட்டை கிழிந்திருந்தது. வாயோரம் ரத்தம். காலடியில் ஒரு துணிப்பை கவிழ்ந்து, அதிலிருந்து மைசூர்பாகு கொட்டி, சிமெண்டுக் கல் மேல் மிதிபட்டுக் கிடந்தது.

"சாமி, எங்கக்காவப் பாக்க வந்தனுங்க. ஊடு தெரியாமச் சுத்திட்டிருந்தனுங்க சாமி" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

"அக்காவாம், அக்கா. வேவு பாக்க வந்திருக்கறான்."

எதிர்வீட்டு அங்கிள் முன்னால் வந்தார். எனக்குச் செஸ் சொல்லிக்கொடுப்பவர். தோற்றால் கூட நான் அழக்கூடாதென்று ராணியைத் திருப்பித் தருகிறவர். அவர் கையை ஓங்கி, அந்த ஆளின் இடது கன்னத்தோடும் காதோடும் சேர்த்து ஓர் அறை விட்டார். அப்படியொரு சத்தம் மனித உடம்பிலிருந்து வரும் என்று எனக்குத் தெரியாது. என் கையில் பச்சை பென்சில் இருந்தது. அது எப்போது கீழே விழுந்தது என்றும் தெரியாது.

சங்கத் தலைவர் அப்பாவைப் பார்த்துவிட்டார். "செக்ரட்டரி சார், புடிச்சாச்சுங்க! உங்க ஊட்டுல பூந்தவன். நீங்க வெச்ச பெல்லு வீண் போகலீங்க. கூட வந்தவன் சாமானோட கார்ல போயிட்டான். இவன் மாட்டிக்கிட்டான்." நாலைந்து பேர் அப்பாவின் தோளைத் தட்டினார்கள்.

அப்பாவின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. இப்போது சொல்லிவிடுவார் என்று அண்ணாந்து பார்த்தேன். அவர் சொல்லவில்லை. இன்னொருவர் கிரிக்கெட் பேட்டை எடுத்துக்கொண்டு வந்தார்.

"அப்பா, மாமன்தானே…" என்று ஆரம்பித்தேன். அப்பாவின் உள்ளங்கை என் வாயைப் பொத்தியது. எனக்கு மூச்சு முட்டியது.

அதற்குள் அம்மா வந்துவிட்டார். ஒரு பார்வையில் எல்லாம் புரிந்திருக்க வேண்டும். நாலு பேருக்கு நடுவில் சத்தமாகப் பேசாத அம்மா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

"அவுத்து உடுங்க. எங்கூட்டு மிக்ஸிய எடுத்துட்டுப் போனது என்ற தம்பிங்க. எடுக்கச் சொன்னது இவுங்க." விரல் அப்பாவைக் காட்டியது.

ஒருவரும் நம்பவில்லை. "உங்களுக்கு எரக்க மனசுங்க. இந்த மாதிரி ஆளுங்கள நம்பக்கூடாதுங்க" என்றார் தலைவர்.

அப்போதுதான் மாமன் வந்தார். காவலாளி இந்த முறையும் கதவைத் திறந்துவிட்டிருந்தார். மிக்ஸியைத் தலைக்கு மேல் கோப்பை போலத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "எப்புடி மச்சான் நம்ம வேல?" என்று கத்திக்கொண்டே வளைவில் திரும்பினார். கூட்டம் விலகியது. மரத்தைப் பார்த்தார். மிக்ஸியை மெல்ல இறக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அந்தச் சிரிப்பு அவர் முகத்திலிருந்து இறங்க வெகுநேரம் ஆனது. வேறு முகம் வைத்துக்கொள்ள அவருக்குத் தெரியவில்லை போல.

மாமன்தான் கயிற்றை அவிழ்த்தார். கடைசி வீட்டில் சமையல் செய்யும் அக்கா, கையெல்லாம் மாவோடு ஓடிவந்து, "டேய், என்ற தம்பீ!" என்று அலறியபடி அவரைத் தாங்கிக்கொண்டார். தம்பி சோமனூரில் தறி ஓட்டுகிறவராம். முந்தின நாள் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. வேலை நேரத்தில் அக்காவின் போன் அணைந்தே இருக்கும் என்பதால், இனிப்பு வாங்கிக்கொண்டு நேரிலேயே சொல்ல வந்திருக்கிறார்.

எல்லோரும் மன்னிப்புக் கேட்பார்கள் என்று காத்திருந்தேன். கேட்டவர் அவர்தான். "தப்புத்தானுங்க. கேட்டுல சொல்லிப்போட்டு வந்திருக்கோணும். செருப்பு ஒண்ணக் காணோமுங்க, பாத்தீங்களா?" என்றார். யாரோ செம்பருத்திச் செடிக்குள்ளிருந்து தேடி எடுத்துக் கொடுத்தார்கள். "ஆஸ்பத்திரிக்குப் போலாம், வண்டிய எடுக்கறேன்" என்றார் அப்பா. சமையல் அக்கா அவரைத் திரும்பியும் பார்க்காமல் ஆட்டோவில் தம்பியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். பந்தி முடிந்த மண்டபம் மாதிரி தெரு சட்டென்று காலியானது. அம்மா குனிந்து மைசூர்பாகைக் கையாலேயே வழித்துக்கொண்டிருந்தார். மாமன் சாப்பிடாமல் ஊருக்குக் கிளம்பினார்.

அடுத்த வாரம் சங்கக் கூட்டம் நடந்தது. காவலாளிகளை மாற்றினார்கள். வேலைக்கு வருபவர்களைத் தேடி உறவினர் யாரும் உள்ளே வரக்கூடாது என்று கேட்டில் பலகை மாட்டினார்கள். நடந்ததை வெளியே பேச வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். கடைசி வீட்டில் சமையலுக்குப் புது ஆள் வந்தார். அப்பா செயலாளராகவே தொடர்ந்தார். அம்மா வீட்டில் அப்பாவுக்குச் சாப்பாடு போட்டார், துணி எடுத்துக் கொடுத்தார். பேச வேண்டியதையெல்லாம் என் மூலமாகப் பேசினார்.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிறு காலையில் அப்பாவே, "சோமனூர் போயிட்டு வந்தர்லாம்" என்றார். அம்மா போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தார்.

தறிக்கூடத்தை ஒட்டிய சின்ன வீடு. அன்று தறிகள் ஓடவில்லை. தெருவே நிசப்தமாக இருந்தது. எங்களைப் பார்த்ததும் அந்தத் தறிக்காரர் பதறி எழுந்து, மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைத் துடைத்துப் போட்டார். முகத்தில் காயமெல்லாம் ஆறியிருந்தது. அவர் நடுவில் ஒரு முக்காலியில் உட்கார்ந்தார். வலப்பக்கம் அம்மா, இடப்பக்கம் அப்பா. நான் தூளியில் தூங்கிய பாப்பாவின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா பாப்பாவைப் பற்றி ஏதேதோ கேட்டார். அவர் வலது காதை அம்மா பக்கம் நன்றாகச் சாய்த்து, ஒவ்வொன்றுக்கும் சிரித்த முகமாகப் பதில் சொன்னார்.

அப்பா நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார். பிறகு மெல்லிய குரலில், "தம்பி, என்னய மன்னிச்சுருங்க. எல்லாந் தெரிஞ்சும் வாயத் தொறக்காம நின்னுபோட்டேன்" என்றார்.

அப்பா யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. எனக்கே என்னவோ போல் ஆகிவிட்டது. அந்த ஆளோ திரும்பவே இல்லை. அம்மாவைப் பார்த்து, "இன்னும் பேரு வெக்கலீங்க. அக்காவத்தான் வெக்கச் சொல்லியிருக்கறனுங்க" என்றார். டம்ளர்களோடு வாசற்படிக்கு வந்த சமையல் அக்கா அங்கேயே நின்றுவிட்டார். அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா ஒருமுறை வாயைத் திறந்து, பிறகு மூடிக்கொண்டார். இரண்டாவது முறை அவர் சொல்லவில்லை.

திரும்பும்போது காரில் அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். எனக்கு அந்த ஆளின் மேல் கோபம் கோபமாக வந்தது. எவ்வளவு பெரிய மனுஷர் தேடிப்போய் மன்னிப்புக் கேட்கிறார், காதில் விழாத மாதிரி உட்கார்ந்திருக்கிறாரே, மரியாதை தெரியாத ஆள் என்று வீடு வந்து சேரும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.