மணியடிக்க நான் எழுதிய எண்

நான்காம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். கம்பளையில் ரேடியோ திருத்தினேன். கண்டியில் உடைந்த கம்ப்யூட்டர்களைப் பிரித்து ஓடுகிற கம்ப்யூட்டர் செய்தேன். தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து உருட்டும் ரோலரைக் கம்ப்யூட்டரால் ஓட்டிக் காட்டினேன். படித்தவர்கள் கைவிரித்த வேலை!

அந்த ரோலரில் வேலை செய்த முனியாண்டியின் மூன்று விரல்கள் போனது என்னால்தான். பழியை அவன்மேல் போட்டதும் நான்தான்.

கேளுங்கள். கம்ப்யூட்டரில் செருகிய அட்டைக்கு ஒரு நினைவக முகவரி உண்டு. அங்கே ஓர் எண்ணை எழுதினால் வெளியே இயந்திரம் கேட்கும். ஒரே முகவரியில் எட்டு சுவிட்சுகள். ஒன்று மணிக்கு. இன்னொன்று, பட்டனை அழுத்தியதும் ரோலரை நிறுத்திப் பிடித்திருப்பது. மணியடிக்க வேண்டுமா? முதலில் அங்கே இருப்பதைப் படி. மணியின் சுவிட்சை மட்டும் மாற்று. மற்ற ஏழையும் இருந்தபடியே திருப்பி எழுது. அதுதான் முறை.

நானோ மணிக்குரிய எண்ணை மட்டும் மொட்டையாக எழுதினேன். மணி அடித்தது. மற்ற ஏழும் அணைந்தன, ரோலரைப் பிடித்திருப்பதும் சேர்த்து!

தெரியாமல் செய்தேனா? கையேடு ஆங்கிலத்தில் இருந்தது. அட்டவணையில் இருந்த எண்கள் மட்டுமே எனக்குப் புரிந்தன. கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் கிளார்க்காக இருந்த என் மைத்துனன் எட்டிப் பார்த்தான்.

"மச்சான், கீழ கொட்டை எழுத்துல என்னமோ எச்சரிக்கை போட்டிருக்கு. வாசிக்கட்டுமா?"

"நீ போய் ஃபைலக் கட்டு. எனக்குப் படிச்சுக் குடுக்க வந்துட்டான்!"

என்ன திமிர் எனக்கு...

மாதக்கணக்கில் ஒன்றும் தெரியவில்லை. மணியடிக்கும் நேரமெல்லாம் ரோலர் ஓடிக்கொண்டுதானே இருந்தது! ஒருநாள் முனியாண்டி அதை நிறுத்திவிட்டு, உள்ளே சிக்கிய கொழுந்தைக் கையால் வழித்துக்கொண்டிருந்தான். சாப்பாட்டு மணி அடித்தது. நின்றிருந்த ரோலர் சுற்றியது.

அவன் அலறி முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. ஆம், அப்போதே!

தொழிற்சாலைப் பொறுப்பிலிருந்த டீமேக்கர் விசாரித்தார். "ஏன்டா, நிப்பாட்டாமலா கைய விட்ட?"

"நிப்பாட்டுனேங்க ஐயா! பட்டன அமத்திட்டுத்தான் விட்டேன்!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"சரியா அமத்தியிருக்க மாட்டான் ஐயா," என்றேன். "என் மெஷின்ல பிழை வராது."

அன்று மாலையே கம்ப்யூட்டர் புரோகிராமில் நாலைந்து வரிகளைச் சேர்த்துக் கமுக்கமாகத் திருத்தினேன். முனியாண்டிக்கு வேலை போயிற்று.

போன வருடம் கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் கடலை விற்றுக்கொண்டிருந்தான். திட்டுவான் என்று நினைத்தேன். சிரித்தான், பாவி!

"வாங்க பாஸ். ஒன்னு கேக்கணும். அன்னைக்கு நான் அமத்துனேன்னுதான் ஞாபகம். இல்லேன்னு நீங்க சொன்னா ஒத்துக்கிறேன். என் கையையே என்னால நம்ப முடியல."

"பழசெல்லாம் எதுக்குப்பா?" என்று பஸ் ஏறினேன்.

விரலை எடுத்தது போதாதென்று, அவன் நினைவையும் எடுத்திருக்கிறேன்! நீங்கள் என்னை என்ன சொல்வீர்கள்? சொல்லுங்கள்...

இப்போது அந்தத் தொழிற்சாலைச் சுவரில் பெயர்ப்பலகை வைக்கிறார்களாம். அமைத்தவர் என்று யாரோ கொழும்பு எஞ்சினியரின் பெயராம்! ஒருநாள் வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போன மனிதர்!

அழியுங்கள் அதை. என் பெயரைச் செதுக்குங்கள். அதற்குக் கீழே, முனியாண்டி பட்டனைச் சரியாகத்தான் அழுத்தினான், ரோலரை மறுபடி ஓடவிட்டவன் இவன், என்றும் செதுக்குங்கள். அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. சுவராவது சொல்லட்டும். என் பங்கில் ஓர் எழுத்தும் குறையக்கூடாது!