பத்திரமாக இருந்த பாஸ்போர்ட்

அமெரிக்கா வந்த தமிழன் வீட்டில் சாமி படத்துக்கு அடுத்த மரியாதை ஒரு பிளாஸ்டிக் ஃபைலுக்குத்தான். எங்கள் ஃபைலில் நான்கு பாஸ்போர்ட், விசாத் தாள்கள், எல்லாவற்றுக்கும் மும்மூன்று நகல். அலமாரிச் சாவி என்னிடம். மனைவி கேட்டால்கூட "எதுக்கு?" என்பேன். பொறுப்பான குடும்பத்தலைவன் என்று என்னைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம்.

இரண்டாயிரத்தில் என் மாமனார் எங்கள் ஊரான ஃப்ரீமான்டுக்கு வந்து எங்களோடு தங்கினார். ராணுவ மேஜர், ஓய்வுபெறும் முன் கம்போடியாவில் ஐ.நா. அமைதிப்படையில் இருந்தவர். அதைப் பற்றிக் கேட்டால் "வெயில் ஜாஸ்தி" என்பதோடு முடித்துக்கொள்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர் வீட்டில் பாட்லக், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுபோகும் விருந்து. சமையலுக்கும் குழந்தைக்கும் ஊரிலிருந்து ஒரு பெண்ணை அவர்கள் வரவழைத்திருந்தார்கள். எங்கள் வட்டாரமே பொறாமையில் வெந்தது. "எங்களுக்கும் ஒரு ஆள் ஏற்பாடு பண்ணுங்களேன்" என்று வெட்கமில்லாமல் கேட்டவர்களில் நானும் உண்டு. வீட்டுக்குள் எண்ணெய் வாடை வரக்கூடாதென்று அந்தப் பெண் கராஜில் நின்று வடை சுட்டுக்கொண்டிருந்தார். சூடாகத் தின்னும் ஆசையில் மாமனாரும் நானும் அங்கே போனோம்.

"எந்த ஊரும்மா?" என்றார் மாமனார்.

"ஈரோட்டுப் பக்கமுங்கய்யா."

"லீவு நாள்ல எங்க போவே?"

"லீவெல்லாம் ஏதுங்க. தனியா வெளிய போனா போலீஸ் புடிச்சுக்கும்னு சார் சொல்லியிருக்காரு."

"பாஸ்போர்ட்?"

"சார் பத்திரமா பூட்டி வெச்சிருக்காருங்க. ஊருக்குப் போகோணும்னு ரெண்டு வருசமா கேக்கறேன். புள்ளை எட்டாவது வந்துட்டா."

"எங்க வீட்லயும் நான்தான் பூட்டி வெச்சிருக்கேன்" என்று நான் சிரித்தேன். மாமனார் கடித்த வடையைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

திரும்பும்போது காரில் பேசினார். "கம்போடியாவுல செக்போஸ்ட்ல நின்னேன் மாப்ளே. லாரில பொண்ணுங்களை ஏத்திட்டு வருவான். டிரைவர்கிட்ட பேப்பர் கேப்போம். எல்லாம் கரெக்டா இருக்கும், விட்டுடுவோம். எங்க கேம்ப்பை நம்பித்தான் அந்த மாதிரி வீடுங்க முளைச்சுது. அந்தப் பொண்ணுங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கலை."

"இப்ப கேட்டுட்டீங்களே மாமா."

"கேட்டா ஆச்சா? உனக்கு கார் ஓட்டத் தெரியும்ல?"

நட்பு போகும், பாட்லக் போகும், கோயிலில் முகம் கொடுத்துப் பேச ஆளிருக்காது என்று பயந்தேன். வடையும் போகும் என்பது நான்காவது கவலை. அந்த வாரமே, வீட்டுக்காரர்கள் ஆபீஸ் போனபின், மாமனார் வாக்கிங் போகிற சாக்கில் அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தார். "வரேன்னுட்டா. வண்டிய எடு."

ஓக்லண்டில் காசு வாங்காமல் வழக்குப் பார்க்கும் ஒரு வக்கீலம்மாவிடம் அழைத்துப்போனேன். பதற்றத்தில் ஃப்ரீவேயில் தப்பான எக்ஸிட் எடுத்தேன். பாஸ்போர்ட்டைப் பூட்டி வைத்து வேலை வாங்குவதும் ஆள் கடத்தல்தான் என்று வக்கீல் சொன்னதைத் தமிழில் திருப்பிச் சொல்லும்போது நான் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் இப்படி ஓர் ஆள் கேட்டவனாயிற்றே.

அன்றிலிருந்து அந்தப் பெண் எங்கள் வீட்டில் தங்கினார். வக்கீலிடமிருந்து நண்பருக்குக் கடிதங்கள் போயின, போலீஸ் ஒருமுறை அவர் வீட்டுக் கதவைத் தட்டியது. ஒரு மாதத்தில் பாஸ்போர்ட் தபாலில் வந்தது. மகளையும் இங்கே வரவழைக்க வழியிருக்கிறது என்றார் வக்கீல். அந்தப் பெண் உறையைப் பிரித்துத் தன் போட்டோவையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பழக்கதோஷம், நான் ஃபைலைத் திறந்தேன். "குடுங்கம்மா, பத்திரமா வெச்சிடறேன்."

"வேண்டாங்க சார். என்ற கைலயே இருக்கட்டுங்க."

மாமனார் வாய்விட்டுச் சிரித்தார். என் மனைவி சிரிக்கவில்லை. ஃபைலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கையை நீட்டினாள்.