கரண்டியால் தோண்டிய எண்ணெய்

பனிக்காலத்தில் எங்கள் வீட்டில் எண்ணெயை ஊற்ற முடியாது, கரண்டியால் தோண்டித்தான் எடுக்க வேண்டும். கோத்தகிரிக்கு மேலே தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பில், லைன் வீட்டில், மார்கழிக் காலைகளில் ரேஷன் பாமாயில் பாக்கெட் வெள்ளைக் கட்டியாக இறுகிக் கிடக்கும். தொட்டால் ஈரச் சோப்புபோல வழுக்கும், முகர்ந்தால் அணைத்த மெழுகுவத்தியின் வாடை அடிக்கும்.

அம்மா பேக்டரி வாசலில் வடை போட்டு விற்றாள். இலங்கைத் தோட்டத்திலிருந்து சிறுமியாக வந்தவள். கொழுந்து பறித்தே முதுகு போய், உட்கார்ந்து செய்ய அவளுக்குக் கிடைத்த ஒரே வேலை அதுதான். அப்பா இல்லாத வீட்டுக்கு அந்த அடுப்புதான் சோறு போட்டது. கடலை எண்ணெய் கைக்கு எட்டாமல் போன காலத்தில்தான் பாமாயிலுக்கு மாறினாள். "ஒரு காலத்துல நாம கடலை எண்ணெயக் கப்பல்ல ஏத்தி அனுப்புனோம், இப்ப எவனோ அனுப்பறதுக்கு வரிசையில நிக்கறோம்" என்று ரேஷன் கடைக்காரர் ஒவ்வொரு மாதமும் சொல்வார். வரிசையில் நிற்பவர்களும் ஒவ்வொரு மாதமும் சிரிப்பார்கள்.

லைனில் பலருக்கு அந்த வாடை பிடிக்காது. பாக்கெட்டை அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஈடாக வடை வாங்கிக்கொள்வார்கள். 'பாக்கெட்டு வடை' என்றே அதற்குப் பெயர். வடையில் அந்த வாடை தெரியாது என்பதில் அம்மாவுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அப்போது நான் நாலாவது படித்தேன். அடுத்த லைன் செல்வி, தன் வீட்டுக்கு ஊரிலிருந்து நெய் வந்திருப்பதாகப் பீற்றிக்கொண்டாள். விடுவேனா? "எங்க ஊட்டுல பானை நெறய வெள்ளக் கொழுப்பு இருக்குது, அதுலதான் வடை சுடறோம்" என்றேன். கொழுப்பு என்றால் நெய்யைவிட உசத்தி என்று நினைத்திருந்தேன்.

அன்று சாயங்காலம் செல்வியின் அப்பா முருகேசன் மாமா கடைக்கு முன்னால் வந்து நின்றார். கழுத்தில் சபரிமலை மாலை. பின்னால் மாலை போட்ட இன்னும் சிலர்.

"ஏனுங்க தங்கம், வெரதத்துல இருக்கறவனுக்குக் கொழுப்புலயா சுட்டுக் குடுத்தீங்க?" என்று அம்மாவைப் பேர் சொல்லிக் கேட்டார்.

அம்மா உறைந்த பாக்கெட் ஒன்றை எடுத்து நீட்டினாள். "இது நீங்க குடுத்த பாக்கெட்டுதானுங்கண்ணே. இங்க பாருங்க, உங்க புள்ள பேனாவுல கிறுக்குனதுகூட இருக்குது."

அடுப்பருகே அதைப் பிடித்தாள். மெதுவாக வெள்ளை கரைந்து மஞ்சள் எண்ணெயானது. கூட்டத்தில் ஒருவர், "கொழுப்பு பாக்கெட்டுல இல்லீங்க, வாயிலதான்" என்றார். சிலர் சிரித்தார்கள்.

முருகேசன் மாமா சிரிக்கவில்லை. "கொழுப்பும் சூடு காட்டுனா உருகத்தானே செய்யும்?" என்றார்.

அம்மா பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அந்த எண்ணெய் எந்த மரத்தில் விளைகிறது என்று லைனில் ஒருவரும் கண்டதில்லை. மாலை போட்டவர்கள் வடை வாங்குவதை நிறுத்தினார்கள், பிறகு மற்றவர்களும் நிறுத்தினார்கள். பொங்கலுக்குள் அம்மா அடுப்பைப் பரணில் ஏற்றிவிட்டு, இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு மறுபடி கொழுந்துக்குப் போனாள். அந்தப் பேச்சு யார் வாயிலிருந்து கிளம்பியது என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

எட்டாவதோடு படிப்பை விட்டேன். திருப்பூர், பாலக்காடு என்று திரிந்து, கடைசியில் மலேசியாவில் பாமாயில் விளையும் ஒரு செம்பனைத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். கருஞ்சிவப்புக் குலைகளை நீளக் கழியில் பொருத்திய அரிவாளால் அறுத்துத் தள்ள வேண்டும். முள் கையைக் கிழிக்கும். அங்கே லாரி ஓட்டிய தமிழர் ஒருவர் சொன்னார்: "எங்க தாத்தா காலத்துல ரப்பர்தான் கப்பலேறுச்சு. வருசா வருசம் அது கொறையக் கொறைய இது ஏறுச்சு. இப்ப உங்க ஊருக்குத்தான்லா நெறையப் போவுது." ரப்பரை வெட்டிய மேடுகளிலெல்லாம் செம்பனை நின்றது. அந்த வெக்கையில் எண்ணெய் ஒருநாளும் உறைந்ததில்லை.

அம்மாவுக்குப் போன் செய்து இதையெல்லாம் சொன்னேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்: "அதுல கொழுப்பு கிழுப்பு கலக்கறாங்களா, பாத்தியா கண்ணு?"

"இல்லம்மா. பழத்தை வேகவெச்சுப் புழியறாங்க, அவ்வளவுதான்."

இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். பிறகு, "அப்ப நான் யாரு வெரதத்தையும் கெடுக்கலை" என்றாள்.

இந்த மார்கழியில் ஊருக்கு வந்திருக்கிறேன். பேக்டரி மூடிக் கிடக்கிறது. வடை அடுப்பு இருந்த இடத்தில் சுற்றுலாக் கார்கள் நிற்கின்றன. முருகேசன் மாமா இப்போது இல்லை. பாமாயில் மட்டும் கடல் தாண்டி வந்து, அதே வெள்ளைக் கட்டியாகக் கிடக்கிறது. அம்மா பாக்கெட்டைச் சால்வைக்குள் வைத்துச் சூடேற்றியபடி, "அந்தப் பேச்சை அன்னிக்கு யாரு கெளப்பியிருப்பாங்க?" என்று கேட்கிறாள்.

கரண்டியைத் தேடுவதுபோல் எழுந்து போகிறேன்.